நியூ ஜெர்சியில் வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கு: டவுன்ஷிப் ஆய்வை எதிர்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

வேலைக்கு வந்த சில ஆண்டுகளில் ஒரு டவுன்ஹவுஸ் வாங்குவார்கள். பிள்ளைகள் வளர்ந்ததும் நல்ல பள்ளிக்கூடம் இருக்கும் ஊரில் பெரிய வீடு வாங்கிக் குடிபோவார்கள். பழைய வீட்டை விற்க மனம் வராமல் வாடகைக்கு விடுவார்கள். எடிசன், பிஸ்காட்டவே, பிளெயின்ஸ்பரோ பக்கம் இருக்கும் நம்மவர்களிடம் இந்தக் கதை ஏராளம். ஜெர்சி சிட்டியில் நூறாண்டுப் பழமையான இரண்டு குடும்ப வீட்டை வாங்கி, மேல் மாடியில் தான் குடியிருந்து கீழ்த்தளத்தை வாடகைக்கு விடுகிறவர்களும் உண்டு. மார்ட்கேஜ், சொத்து வரி, வாடகை எல்லாவற்றுக்கும் எக்செல்லில் கணக்குப் போட்டிருப்பார்கள். டவுன்ஷிப், அதாவது ஊர் நிர்வாகம், அனுப்பும் இன்ஸ்பெக்டர் மட்டும் அந்தக் கணக்கில் இருக்க மாட்டார். கதவில் ஆரஞ்சு நிறத் தாள் ஒட்டப்பட்ட பிறகுதான் அவர் நினைவுக்கு வருவார்.

ஆய்வில் தோற்கும் வீடுகள் பெரும்பாலும் இடிந்து விழுகிற வீடுகள் இல்லை. பதிவு செய்யாதது, காலாவதியான கருவி, பெர்மிட் வாங்காமல் மாற்றிய வாட்டர் ஹீட்டர், பதில் போடாமல் விட்ட கடிதம் என்று சில்லறைக் காரணங்களாகத்தான் இருக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் இன்ஸ்பெக்டர் வருவதற்கு முன்பு செய்ய வேண்டியதைப் பற்றியே இருக்கிறது.

முதல் படி: உங்கள் வீட்டை யார் ஆய்வு செய்வார்கள்?

நியூ ஜெர்சியில் இதற்கு ஒரே அலுவலகம் கிடையாது. வீட்டில் எத்தனை குடித்தனம் என்பதை வைத்து ஆள் மாறுகிறார்.

ஒன்று அல்லது இரண்டு குடித்தனம் உள்ள வீடு என்றால் உங்கள் டவுன்ஷிப்தான் எல்லாம். வாடகை வீடு என்று ஆண்டுதோறும் பதிவு செய்யச் சொல்லும் ஊர்கள் உண்டு. குடித்தனக்காரர் மாறும் ஒவ்வொரு முறையும் வீடு குடியிருக்கத் தகுந்தது என்ற சான்றிதழைப் (சர்டிபிகேட் ஆஃப் ஆக்குபென்சி) புதிதாகக் கேட்கும் ஊர்கள் உண்டு. இரண்டையும் கேட்கும் ஊர்களும் உண்டு. பக்கத்து ஊரில் இருக்கும் நண்பர் சொன்ன விதி உங்கள் ஊருக்குப் பொருந்தும் என்று நினைக்காதீர்கள். டவுன்ஷிப் இணையதளத்தில் ஹவுசிங், கோட் என்ஃபோர்ஸ்மெண்ட், ஃபயர் பிரிவென்ஷன் என்று மூன்று பக்கங்களையும் தனித்தனியாகப் பாருங்கள். மூன்றும் மூன்று மேசைகள். ஒன்றில் வேலை முடிந்தால் மற்ற இரண்டிலும் முடிந்ததாகாது.

மூன்று குடித்தனமும் அதற்கு மேலும் இருந்தால் மாநில அரசின் சமூக விவகாரத் துறை, அதாவது எல்லோரும் டி.சி.ஏ. என்று சொல்லும் துறை, உள்ளே வருகிறது. 1967ஆம் ஆண்டின் பல குடியிருப்புச் சட்டப்படி அங்கே கட்டடத்தைப் பதிவு செய்ய வேண்டும். குறிப்பிட்ட கால இடைவெளியில் ஆய்வும் நடக்கும். முன்பு எல்லோருக்கும் 5 ஆண்டுக்கு ஒருமுறை என்று இருந்தது. இப்போது நடத்தையைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். குறைகளைச் சட்டென்று சரிசெய்த கட்டடத்துக்கு 7 ஆண்டு, இழுத்தடித்ததற்கு 5 ஆண்டு, மோசமானதற்கு 2 ஆண்டு. சில நகரங்களில் மாநிலத்தின் சார்பாக நகர இன்ஸ்பெக்டரே இந்த ஆய்வைச் செய்வார்.

காண்டோவாக இருந்தால் கட்டடத்தின் பதிவு பெரும்பாலும் அசோசியேஷன் வழியாகப் போகும். உங்கள் யூனிட்டை வாடகைக்கு விடுவதற்கான டவுன்ஷிப் பதிவு உங்கள் பொறுப்பு. அசோசியேஷன் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட வேண்டாம்.

இந்த இரண்டுக்கும் வெளியே புகார் வழியாக வரும் ஆய்வு இருக்கிறது. குடித்தனக்காரர் போன் செய்யலாம். பக்கத்து வீட்டுக்காரர், புல் வெட்டவில்லை என்று போன் செய்யலாம். இதற்கு முன்கூட்டித் தேதி குறிக்க மாட்டார்கள்.

இரண்டாவது படி: காகிதங்களைச் சேர்த்து வையுங்கள்

முதலில், வீட்டு உரிமையாளர் அடையாளப் பதிவு. ஒன்றிரண்டு குடித்தன வீட்டில் உரிமையாளர் தானே குடியிருக்கவில்லை என்றால் டவுன்ஷிப் கிளார்க்கிடம் இதைத் தாக்கல் செய்து, குடித்தனக்காரருக்கும் ஒரு பிரதி கொடுக்க வேண்டும். உரிமையாளர் பெயர், முகவரி, பராமரிப்பவர், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது எல்லாம் அதில் இருக்கும். சின்னக் காகிதம்தான். ஆனால் வாடகை தராதவரை வெளியேற்ற நீதிமன்றம் போனால் நீதிபதி முதலில் இதைத்தான் கேட்பார். இல்லையென்றால் தாக்கல் செய்துவிட்டு வரும்வரை தீர்ப்புக் கிடைக்காது.

அடுத்தது, காப்பீடு. 2022இல் வந்த சட்டப்படி வாடகை வீட்டு உரிமையாளர்கள் குறைந்தது 5,00,000 டாலருக்குப் பொறுப்புக் காப்பீடு வைத்திருந்து, அதன் சான்றிதழை ஆண்டுதோறும் டவுன்ஷிப்பில் பதிய வேண்டும். நான்கு குடித்தனத்துக்கு மிகாத கட்டடத்தில் ஒன்றில் உரிமையாளரே இருந்தால் 3,00,000 டாலர் போதும். பதியாவிட்டால் 500 முதல் 5,000 டாலர் வரை அபராதம். குடியிருந்த காலத்தில் எடுத்த ஹோம்ஓனர்ஸ் பாலிசியை வாடகைக்கு விட்ட பிறகும் அப்படியே தொடர்கிறவர்கள் பலர். பதிவுக்கு முன்பே ஏஜென்ட்டிடம் சொல்லி அதை வாடகை வீட்டுப் பாலிசியாக மாற்றிக்கொள்ளுங்கள். தீ விபத்து நடந்த பிறகு மாற்ற முடியாது.

மூன்றாவதாக, நீங்கள் செய்த வேலைகளுக்கான பெர்மிட்டுகள். வாட்டர் ஹீட்டர், ஃபர்னஸ் மாற்றுவது, புது எலக்ட்ரிக் லைன் இழுப்பது, பேஸ்மெண்ட்டில் அறை எடுப்பது எல்லாமே பெர்மிட் வேலைகள்தான். வாங்கினால் மட்டும் போதாது, கடைசி ஆய்வு நடந்து பெர்மிட் மூடப்பட்டிருக்க வேண்டும். "பெர்மிட் எல்லாம் நான் பார்த்துக்கறேன் சார்" என்ற கான்ட்ராக்டரின் வாக்குறுதியை நம்பியிருந்தால், உங்கள் முகவரிக்குத் திறந்த நிலையில் ஏதாவது பெர்மிட் இருக்கிறதா என்று டவுன்ஷிப்பில் கேட்டுப் பாருங்கள். பொதுப் பதிவேடு கோரிக்கை படிவம் ஒன்று இருக்கிறது, ஓப்ரா என்பார்கள். யார் வேண்டுமானாலும் போடலாம். பழைய உரிமையாளர் திறந்தபடி விட்டுப்போன பெர்மிட் உங்கள் தலையில் இருப்பதும் இதில்தான் தெரியவரும்.

மூன்றாவது படி: ஈயப் பெயின்ட்

வீடு 1978க்கு முன் கட்டியதா? அதற்குப் பிறகு கட்டியது என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். பிளெயின்ஸ்பரோ டவுன்ஹவுஸ்காரர்கள் பலருக்கு இது தேவைப்படாது. ஜெர்சி சிட்டி, நியூவர்க், பெர்த் அம்பாய் மாதிரி பழைய ஊர்களில் வீடு வைத்திருப்பவர்கள் நிதானமாகப் படியுங்கள்.

வீடுகளுக்கு ஈயம் கலந்த பெயின்ட் விற்பதை அமெரிக்கா 1978இல் தடை செய்தது. அதற்கு முன் அடித்த பெயின்ட் இன்னும் சுவரில், ஜன்னல் சட்டத்தில், அடுக்கடுக்காக இருக்கிறது. அது உரிந்து தூளாகி, தரையில் தவழும் குழந்தையின் கைக்குப் போய், கையிலிருந்து வாய்க்குப் போகிறது. மூளை வளர்ச்சியை அது பாதிக்கிறது. ஆகவே 2021இல் இயற்றப்பட்டு 2022 ஜூலை 22 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், 1978க்கு முந்தைய வாடகை வீடுகளுக்கு ஈய ஆய்வைக் கட்டாயமாக்கியது. முதல் ஆய்வுக்கான கெடு 2024 ஜூலை 22. இன்னும் செய்யவில்லையென்றால் ஏற்கெனவே கெடு தாண்டியவர் நீங்கள். கடிதம் வரட்டும் என்று காத்திருக்காமல் நீங்களே தேதி வாங்கிவிடுங்கள்.

முதல் ஆய்வுக்குப் பிறகு 3 ஆண்டுக்கு ஒருமுறை, அல்லது குடித்தனக்காரர் மாறும்போது, இவற்றில் எது முதலில் வருகிறதோ அப்போது மறுபடி ஆய்வு. தேறினால் ஈயப் பாதுகாப்புச் சான்றிதழ் கிடைக்கும். அது 2 ஆண்டு செல்லும். சான்றிதழ் செல்லுபடியாகும் காலத்தில் குடித்தனம் மாறினால் புதிதாக ஆய்வு வேண்டாம். 3 ஆண்டு, 2 ஆண்டு என்ற இந்த இரண்டு கணக்கில்தான் பலர் குழம்புகிறார்கள். சான்றிதழ் முடிந்து மூன்றாவது ஆண்டில் ஆள் மாறினால், 3 ஆண்டு முடியவில்லையே என்று சொல்ல முடியாது. ஆய்வு நடந்தாக வேண்டும்.

ஆய்வு இரண்டு விதம். குழந்தைகளின் இரத்தப் பரிசோதனையில் ஈயம் அதிகம் காணப்பட்டவர்கள் 3 சதவீதத்துக்குக் குறைவாக உள்ள ஊர்களில் கண்ணால் பார்த்தால் போதும். அந்த அளவை எட்டிய ஊர்களில் தரையிலும் ஜன்னல் விளிம்பிலும் தூசியைத் துடைத்து எடுத்து லேபுக்கு அனுப்புவார்கள். உங்கள் ஊர் எந்தப் பக்கம் என்பது டி.சி.ஏ. வெளியிடும் பட்டியலில் இருக்கும். டவுன்ஷிப் அனுப்பும் ஆளைத்தான் வைக்க வேண்டும் என்பதில்லை. மாநிலச் சான்று பெற்ற தனியார் நிறுவனத்தை நீங்களே அமர்த்தலாம். தேதி சீக்கிரம் கிடைக்கிறதா, கட்டணம் எவ்வளவு என்று இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எதுவானாலும் ஒரு யூனிட்டுக்கு 20 டாலர் மாநில நிதிக்குத் தனியாகப் போகும்.

விலக்குகளும் உண்டு. ஈயமே இல்லை என்று முன்பே சான்று பெற்ற வீடு, டி.சி.ஏ.விடம் குறைந்தது 10 ஆண்டாகப் பதிவாகி, கடைசி ஆய்வில் ஈயக் குறை எதுவும் நிலுவையில் இல்லாத பல குடித்தனக் கட்டடம் ஆகியவை இதில் வரும்.

கண்ணால் பார்க்கும் ஆய்வில் தோற்பது பெரும்பாலும் ஜன்னலால். மேலும் கீழும் தள்ளும் பழைய மர ஜன்னலில் சட்டம் உரசி உரசிப் பெயின்ட் பொடியாகும். ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் சுவர், வாசல் போர்ச்சின் தூண், கதவு நிலையில் கதவு இடிக்கும் இடம் ஆகியவற்றையும் பாருங்கள். உரிந்த பெயின்ட் தெரிந்தவுடன் ஹோம் டிப்போவுக்குப் போய் உப்புத்தாள் வாங்கி வந்து நீங்களே சுரண்ட ஆரம்பிக்க வேண்டாம். காய்ந்த பெயின்ட்டைச் சுரண்டினால் அதுவரை சுவரில் இருந்த ஈயம் வீடு முழுக்கப் பரவும். அதோடு, 2010 முதல் நடைமுறையில் உள்ள கூட்டரசு விதிப்படி, 1978க்கு முந்தைய வாடகை வீட்டில் ஓர் அறையில் 6 சதுர அடிக்கு மேல் பெயின்ட்டைக் கலைக்கும் வேலையைப் பயிற்சியும் சான்றும் பெற்ற நிறுவனம்தான் செய்யலாம். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டில் உங்களுக்கு நீங்களே செய்துகொள்ளலாம். வாடகைக்கு விட்ட வீட்டில் அந்தச் சலுகை உரிமையாளருக்கு இல்லை. வார இறுதியில் வேலை செய்து செலவை மிச்சம் பிடிக்கலாம் என்று நினைக்கிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

சட்டத்தை மீறினால் முதலில் 30 நாள் அவகாசம் தருவார்கள். அதற்குள் ஆய்வுக்கோ சரிசெய்யவோ ஏற்பாடு தொடங்காவிட்டால் வாரத்துக்கு 1,000 டாலர் வரை அபராதம். கிடைத்த சான்றிதழின் பிரதியை லீஸோடு இணைத்துக் கொடுக்க வேண்டும்.

நான்காவது படி: இன்ஸ்பெக்டர் கண்ணோடு வீட்டைச் சுற்றுங்கள்

ஆய்வுத் தேதிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே இதைச் செய்யுங்கள். முந்தின நாள் இரவு செய்தால் குறைதான் தெரியும், சரிசெய்ய நேரம் இருக்காது.

ஸ்மோக் டிடெக்டரில் தொடங்குங்கள். ஒன்றிரண்டு குடித்தன வீட்டில் பேஸ்மெண்ட் உட்பட ஒவ்வொரு தளத்திலும், படுக்கையறைகளுக்கு வெளியே 10 அடிக்குள்ளும் இருக்க வேண்டும். கார்பன் மோனாக்ஸைடு அலாரமும் படுக்கையறைப் பக்கத்தில் வேண்டும். கழற்றிப் பின்பக்கம் அச்சிட்ட தேதியைப் பாருங்கள். 10 ஆண்டு தாண்டிய ஸ்மோக் டிடெக்டர் பீப் என்று ஒலித்தாலும் செல்லாது. 2019 ஜனவரி முதல் பேட்டரியில் ஓடுபவை, பேட்டரி மாற்ற முடியாத 10 ஆண்டு சீல் வகையாக இருக்க வேண்டும். இதைக் கேள்விப்பட்ட பலர், மின் இணைப்பில் ஓடும் டிடெக்டரைக் கழற்றிவிட்டு அங்கே சீல் பேட்டரி வகையை மாட்டி, "புதுசு போட்டாச்சு" என்று நிம்மதியாக இருக்கிறார்கள். மின் இணைப்பு இருந்த இடத்தில் மின் இணைப்பு வகைதான் வர வேண்டும். புதிதாக வாங்கிப் போட்டதாலேயே தோற்ற வீடுகள் இருக்கின்றன.

தீயணைப்பான் அடுத்தது. 2ஏ:10பி:சி தரம், 10 பவுண்டுக்கு மிகாத எடை, சமையலறையிலிருந்து 10 அடிக்குள், கொக்கியில் மாட்டி, மேல் நுனி தரையிலிருந்து 5 அடிக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். சிங்க்குக்கு அடியில் டிஷ் சோப்புக்குப் பின்னால் ஒளித்து வைத்தால் கணக்கில் வராது. புதிதாக வாங்கினால் ரசீதை வைத்திருங்கள். இவை மூன்றுக்கும் சேர்த்து ஃபயர் பிரிவென்ஷன் அலுவலகம் சான்றிதழ் தருகிறது. குடித்தனம் மாறும்போது இது வேண்டும். விண்ணப்பத்தைக் கடைசி நேரத்தில் கொடுத்தால் கட்டணம் ஏறும். வெள்ளிக்கிழமை குடிவருகிறவருக்காகப் புதன்கிழமை விண்ணப்பித்தால் பணமும் போகும், பதற்றமும் மிஞ்சும்.

மற்றதெல்லாம் டவுன்ஷிப்பின் பராமரிப்பு விதித்தொகுப்பைப் பொறுத்தது. நியூ ஜெர்சியின் பல ஊர்கள் சர்வதேசச் சொத்துப் பராமரிப்பு விதித்தொகுப்பைத் தமக்கு ஏற்ப மாற்றி ஏற்றுக்கொண்டிருக்கின்றன. அதன்படி அடிக்கடி பிடிபடுபவை இவை: நான்கு படிக்கு மேல் இருந்தும் கைப்பிடி இல்லாத படிக்கட்டு, வாட்டர் ஹீட்டரின் பாதுகாப்பு வால்விலிருந்து தரைக்கருகே இறங்க வேண்டிய குழாய் இல்லாதது, உள்ளிருந்தே சாவி போட்டால்தான் திறக்கும் வாசல் பூட்டு, தெருவிலிருந்து தெரியாத வீட்டு எண், மூடி இல்லாத பிளக் பாயின்ட், எலக்ட்ரிக் பேனலில் திறந்து கிடக்கும் ஓட்டை, குளியலறையிலும் துணி துவைக்கும் இடத்திலும் ஜி.எஃப்.சி.ஐ. (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு) இல்லாத பிளக், நிரந்தரமாக ஓடும் எக்ஸ்டென்ஷன் கார்டு, தானாக நிற்காமல் டப்பென்று விழும் ஜன்னல். இதில் பெரும்பாலானதை ஒரு ஹேண்டிமேன் ஒரு நாளில் முடித்துவிடுவார்.

நம் வீடுகளில் ஒரு விசேஷம் உண்டு. தாளிப்புப் புகைக்கு அலாரம் கத்துகிறது என்று குடித்தனக்காரர் டிடெக்டரைக் கழற்றி அலமாரியில் வைத்திருப்பார். ஆய்வுக்கு முன் கூரையை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். குற்றம் உங்கள் பெயரில்தான் எழுதப்படும்.

பல குடித்தனக் கட்டடங்களுக்கு மாநில விதியில் கூடுதலாகச் சில உண்டு. வெப்பம் உங்கள் பொறுப்பாக இருந்தால் அக்டோபர் 1 முதல் மே 1 வரை காலை 6 முதல் இரவு 11 வரை 68 டிகிரி ஃபாரன்ஹீட்டும், மற்ற நேரத்தில் 65 டிகிரியும் குறையக் கூடாது. 10 வயதும் அதற்குக் குறைவுமான குழந்தை இருக்கும் வீட்டில் குடித்தனக்காரர் எழுத்தில் கேட்டால் ஜன்னலுக்குக் காப்புக் கம்பி போட வேண்டும். தரைத்தளத்துக்கு இது பொருந்தாது. இந்த உரிமை உண்டு என்பதை லீஸிலேயே அச்சிட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

பேஸ்மெண்ட்

இதற்குத் தனித் தலைப்பு கொடுக்கக் காரணம், பணம் அதிகம் போகும் இடம் இதுதான்.

இரண்டு குடும்ப வீடு. கீழே பேஸ்மெண்ட்டில் ஒரு பாத்ரூம், ஒரு அடுப்பு, ஒரு கட்டில். புதிதாக ஊரிலிருந்து வந்த பையன் ஒருவன் மாதம் 1,500 டாலர் தருகிறான். யாருக்கும் நஷ்டமில்லாத ஏற்பாடு போலத்தான் தெரியும். சட்டத்தின் கண்ணில் அது அனுமதியில்லாத மூன்றாவது குடித்தனம். இன்ஸ்பெக்டர் அதைக் கண்டுபிடிக்கத் துப்பறிய வேண்டியதில்லை. இரண்டாவது அடுப்பு, உள்கதவில் தனிப்பூட்டு, பக்கவாட்டு வாசலில் தனி அழைப்பு மணி, தபால் பெட்டியில் மூன்றாவது பெயர் இதெல்லாம் போதும்.

பிடிபட்டால் அபராதத்தோடு முடிவதில்லை. சட்டவிரோதக் குடியிருப்பு என்று சொல்லி அவரை வெளியேற்ற நேர்ந்தால், நியூ ஜெர்சி சட்டப்படி குடித்தனக்காரருக்கு மாத வாடகையைப் போல் ஆறு மடங்கு இடமாற்றத் தொகை தர வேண்டியது உரிமையாளர். மேலே சொன்ன பையனுக்கு 9,000 டாலர். தீ, வெள்ளம் என்று ஏதாவது நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கலாம். 2021 செப்டம்பர் தொடக்கத்தில் ஐடா புயலின் மிச்சம் கொட்டித் தீர்த்த இரவில், பக்கத்து நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் பேஸ்மெண்ட் வீடுகளில் தண்ணீர் புகுந்து வெளியே வர வழியில்லாமல் பலர் இறந்தார்கள். அதனால் விதியை வெறும் கெடுபிடி என்று என்னால் பார்க்க முடியவில்லை.

சட்டபூர்வமாக்க வழி இருக்கிறதா என்றால், சில வீடுகளுக்கு இருக்கிறது. முதல் கேள்வி சோனிங்: உங்கள் தெருவில் மூன்றாவது குடித்தனத்துக்கு இடமே உண்டா? இல்லையென்றால் வரைபடம் போடச் செலவு செய்யாதீர்கள். உண்டு என்றால் கூரை 7 அடி உயரம் இருக்கிறதா, ஆள் வெளியேறும் அளவுக்கு ஜன்னல் வைக்க முடியுமா என்று ஆர்க்கிடெக்டிடம் கேளுங்கள். படுக்கையறையின் தப்பிக்கும் ஜன்னலுக்குப் பொதுவான அளவு 5.7 சதுர அடித் திறப்பு, அடிவிளிம்பு தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் போகாதது. மூன்று குடித்தனம் ஆகிவிட்டால் டி.சி.ஏ. பதிவும் வந்து சேரும் என்பதையும் கணக்கில் வையுங்கள். பலருக்குக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் அடுப்பை எடுத்துவிட்டு, அதைக் குடும்பத்தின் விளையாட்டு அறையாக வைத்துக்கொள்வதே மலிவாக இருக்கும்.

ஐந்தாவது படி: ஆய்வு நாள்

குடித்தனக்காரருக்கு எழுத்தில் முன்கூட்டிச் சொல்லுங்கள். பல குடித்தனக் கட்டடங்களுக்கு மாநில விதி ஒரு நாள் முன்னறிவிப்பை இயல்பான அளவாகச் சொல்கிறது. நான் இன்னும் கூடுதல் நாள் கொடுக்கச் சொல்வேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள்.

அவர் கதவைத் திறக்க மறுத்தால்? வாடகைக்கு விட்ட வீடு அவருடைய இல்லம். 1967இல் சான் ஃபிரான்சிஸ்கோ நகரத்துக்கு எதிரான கமாரா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வீட்டு ஆய்வுக்கு வரும் நகர இன்ஸ்பெக்டரையும் குடியிருப்பவர் வாரண்ட் இல்லாமல் உள்ளே விட மறுக்கலாம் என்று தீர்ப்பளித்தது. கமாரா ஒரு வாடகைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தவர். இன்ஸ்பெக்டர்களைத் திருப்பி அனுப்பியதற்காக வழக்குப் போடப்பட்டவர். ஆகவே மறுப்பவரின் வீட்டை உங்கள் சாவியால் திறந்து இன்ஸ்பெக்டரை அழைத்துப் போகாதீர்கள். மறுப்பை எழுத்தில் வாங்கி இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிட்டு ஒதுங்குங்கள். வாரண்ட் வாங்குவது நகரத்தின் வேலை. அந்த வாரண்டுக்குக் குற்ற வழக்கில் வேண்டிய அளவு ஆதாரம் தேவையில்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. அதனால் உரிமையாளர் தன் பங்குக்கு முறுக்கிக்கொண்டு நிற்பதில் பயன் அதிகமில்லை.

ஆய்வில் கூடவே நடங்கள். கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள், கேட்காததைச் சொல்லாதீர்கள். "கீழே என் மச்சான் அப்பப்போ வந்து படுப்பான்" என்பது யாரும் கேட்காத பதில். இன்ஸ்பெக்டர் சுட்டிக்காட்டும் இடத்தை அப்போதே படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பிரிவின் கீழ் குறை எழுதுகிறார் என்று மரியாதையாகக் கேட்கலாம். காபி, பலகாரம், தீபாவளிப் பெட்டி எதுவும் வேண்டாம். நம் ஊரில் அது விருந்தோம்பல். இங்கே அரசு ஊழியருக்கு அது தர்மசங்கடம். அதற்கு மேல் போனால் உங்களுக்குக் குற்ற வழக்கு.

ஆறாவது படி: நோட்டீஸ் வந்துவிட்டது

அதில் நான்கு விஷயத்தைத் தேடுங்கள்: எந்த அலுவலகம் அனுப்பியது, எந்த விதி, எந்தத் தேதிக்குள், மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள். கட்டுமான விதியின் கீழ் வந்த நோட்டீஸ் என்றால் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போக 15 நாள்தான். மாநிலத்தின் பல குடியிருப்பு ஆய்வு உத்தரவுக்கும் 15 நாளில் விசாரணை கேட்க வேண்டும். வக்கீலைத் தேடிக்கொண்டே அந்த 15 நாளைக் கடத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். முதலில் மேல்முறையீட்டைப் பதிவு செய்துவிட்டு வக்கீலைத் தேடலாம்.

குறை நியாயமானது என்றால், பெரும்பாலும் நியாயமாகத்தான் இருக்கும், சண்டையை விட வேலை மலிவு. எலக்ட்ரீசியன் மூன்று வாரம் கழித்துத்தான் வருவார் என்றால் கெடு முடிவதற்கு முன்பே அவகாசம் கேட்டு எழுதுங்கள். அவருடைய மதிப்பீட்டுத் தாளை இணையுங்கள். ஆள் பேசி, தேதியும் வாங்கி வைத்திருப்பவருக்கு இன்ஸ்பெக்டர்கள் பெரும்பாலும் நேரம் தருவார்கள். கெடு முடிந்த மறுநாள் போன் செய்கிறவருக்குக் கிடைப்பது சம்மன்.

வேலை முடிந்ததும் மறு ஆய்வுக்கு நீங்களே கூப்பிட வேண்டும். சரிசெய்துவிட்டேன், அவர்களே வந்து பார்ப்பார்கள் என்று விட்டுவிட்டால் கணினியில் அது திறந்த குறையாகவே நிற்கும். வீட்டை விற்கும்போது டைட்டில் கம்பெனியோ வாங்குகிறவரின் வக்கீலோ தோண்டி எடுப்பார்கள். குறை மூடப்பட்டது என்று எழுத்தில் வாங்கி வையுங்கள்.

சம்மன் வந்துவிட்டால் வழக்கு முனிசிபல் கோர்ட்டுக்குப் போகும். டவுன்ஷிப் சட்டத்தின் கீழ் ஒரு மீறலுக்கு அபராதம் 2,000 டாலர் வரை போகலாம். வீட்டுப் பராமரிப்பு, சோனிங் மீறல்களுக்கு 1,250 டாலருக்கு மேல் அபராதம் போட வேண்டுமானால் சரிசெய்ய 30 நாள் வாய்ப்புக் கொடுத்திருக்க வேண்டும் என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. பாதி வேலை முடித்து, படங்களோடும் ரசீதுகளோடும் அரசு வழக்கறிஞரை முன்பே சந்திக்கிறவருக்குக் கிடைக்கும் முடிவு வேறாக இருக்கும். பேஸ்மெண்ட் வழக்கு என்றால் வக்கீல் இல்லாமல் போகாதீர்கள்.

புகார் கொடுத்தவர் உங்கள் குடித்தனக்காரர் என்றால்

கோபம் வரும். அதைக் கடிதத்தில் காட்டாதீர்கள். புகார் கொடுத்ததற்காக வாடகையை ஏற்றுவது, லீஸைப் புதுப்பிக்க மறுப்பது, காலி செய்யச் சொல்வது எல்லாம் நியூ ஜெர்சியில் பழிவாங்கலாகக் கொள்ளப்படும். புகாரைத் தொடர்ந்து நோட்டீஸ் கொடுத்தால் அது பழிவாங்கல்தான் என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. உரிமையாளரே குடியிருந்து, இரண்டுக்கு மிகாத யூனிட்டுகளை வாடகைக்கு விடும் வீடுகளுக்கு மட்டும் இதிலிருந்து விலக்கு. இது போக, 1970இல் மாநில உச்ச நீதிமன்றம் மரினி வழக்கில் ஒன்றைச் சொன்னது: உரிமையாளர் முக்கியமான பழுதைச் சரிசெய்யாவிட்டால், குடித்தனக்காரர் தானே சரிசெய்து செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். அந்த வழக்கு ஒழுகிய ஒரு டாய்லெட்டில் தொடங்கியது.

பழுது பற்றிய செய்தி வந்தால் அன்றே எழுத்தில் பதில் போடுங்கள். பிளம்பர் எப்போது வருவார் என்று தேதி சொல்லுங்கள். குடித்தனக்காரர் இன்ஸ்பெக்டரைக் கூப்பிடுவது பெரும்பாலும் வீட்டுக்காரர் போனை எடுக்காத பிறகுதான்.

சென்னைக்கோ பெங்களூருக்கோ திரும்பிப் போனவர்கள்

விசா, பெற்றோர் உடல்நிலை என்று ஊருக்குத் திரும்பிவிட்டு நியூ ஜெர்சி வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கு ஒரு தனிக் கடமை உண்டு. உரிமையாளரின் முகவரி வீடு இருக்கும் கவுண்ட்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) இல்லையென்றால், அந்தக் கவுண்ட்டிக்குள் வசிக்கும் அல்லது அலுவலகம் வைத்திருக்கும் ஒருவரைத் தன் சார்பில் நோட்டீஸ் வாங்க அதிகாரம் பெற்றவராக அடையாளப் பதிவில் குறிப்பிட வேண்டும். வீடு மிடில்செக்ஸ் கவுண்ட்டியில் இருந்தால், எசெக்ஸில் இருக்கும் தம்பியின் பெயர் போதாது. ராபின்சனாக இருந்தாலும் ராமசாமியாக இருந்தாலும், கடிதம் வந்த அன்றே படம் எடுத்து அனுப்பக்கூடியவராகப் பார்த்துப் போடுங்கள். மாதக் கட்டணத்துக்கு இதைச் செய்யும் ப்ராப்பர்ட்டி மேனேஜர்கள் இருக்கிறார்கள். அந்த ஆள் வேறு ஊருக்குக் குடிபோனால் பதிவையும் திருத்திக் கொடுங்கள். நோட்டீஸில் இருக்கும் 15 நாள் கெடு, கடிதம் நுங்கம்பாக்கம் வந்து சேரும்வரை காத்திருக்காது.